மும்பையில் பதிவான பழைய போர்ஷே, கோவையில்: வாங்குவது முதல் வால்பாறை ஏறுவது வரை

2013-ல் மும்பையில் பதிவான போர்ஷே பாக்ஸ்டர் எஸ் ஒன்றை, அதற்குப் பத்து வயதானபோது வாங்கிக் கோவைக்குக் கொண்டுவந்தேன். 981 என்ற உள்பெயர் கொண்ட தலைமுறை அது. 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 315 குதிரைத்திறன், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், மேலே துணிக்கூரை. பணம் கட்டிய நாளிலிருந்து தமிழ்நாட்டு எண் பலகை மாட்டும் வரை ஏழு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் வீணாய்ப் போனதற்கு, எதை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததே காரணம். வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். காகிதத்தை எந்த வரிசையில் பிடிப்பது என்று சொல்லித்தரத்தான் யாரும் அகப்படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

படத்தில் சிவப்பு வண்டியைப் பார்த்ததும் மனசு அங்கே போய்விடும். போகட்டும், நீங்கள் ஆர்.சி. நகலைக் கேளுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பதிவு எந்தத் தேதி வரை செல்லும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்குப் பதினைந்தாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் ₹5,000. இறக்குமதி செய்த காருக்கு ₹40,000. இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாக்ஸ்டர் முழுதாக இறக்குமதியாகி வரும் வண்டி. 2011 மாடலை "மலிவு" என்று யாராவது நீட்டினால், இந்தத் தொகையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

இரண்டாவது, கடன் கொடுத்த வங்கியின் பெயர். நான் மாட்டியது இங்கேதான். விற்றவர் ஆறு வருடத்துக்கு முன்பே கடனை அடைத்துவிட்டார். வங்கி கொடுத்த கடிதத்தை அலமாரியில் வைத்தவர் ஆர்.டி.ஓ.வில் கொடுக்கவே இல்லை. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. பழைய கடிதம் காலாவதி என்று அலுவலகத்தில் தள்ளிவிட்டார்கள். புதுக் கடிதமும் படிவம் 35-ம் வாங்கி அந்தப் பெயரை எடுக்க ஒன்பது வாரம். கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் வங்கியின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இருந்தால், அதை எடுத்த பிறகுதான் முன்பணம்.

மூன்றாவது, பாக்கி அபராதம். எண்ணைப் போட்டால் இ-சலான் எல்லாம் வரும். வேகத்துக்காகக் கேமரா பிடித்தவை இந்த மாதிரி வண்டிகளில் வரிசையாக இருக்கும். அபராதம் பாக்கி நின்றால் மூன்றாம் படியில் சொல்லும் தடையின்மைச் சான்று (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றப் பழைய ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.) நகராது.

நான்காவது, ஆர்.சி.யில் இருக்கும் நிறமும் கண்ணெதிரே நிற்கும் நிறமும் ஒன்றா. மாற்று சைலன்சர் மாட்டியிருந்தால் கம்பெனி சைலன்சரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு தடுக்கிறது. இங்கே ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். அப்போது அந்தச் சத்தத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2. வாங்குவதற்கு முந்தைய சோதனை: லிஃப்டில் ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள்

இதற்கு எனக்கு ₹30,000 ஆனது. வண்டிக்குச் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ, போர்ஷே கணினிக் கருவி வைத்திருக்கும் தனி மெக்கானிக்கிடமோ செய்யலாம். விற்பவர் சொல்லும் இடத்தில் வேண்டாம்.

கருவியைச் சொருகியதும் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். கிலோமீட்டரை அந்த மணி எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வேகம் வரும். என் வண்டி 28,400 கி.மீ., 1,180 மணி. மணிக்கு 24 கி.மீ. மும்பை நெரிசலுக்கு அது சரி. அதே கிலோமீட்டருக்கு 2,500 மணி காட்டினால் சராசரி 11 கி.மீ.தான். அப்போது மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே எஞ்சின் சுழற்சி எல்லை மீறிய பதிவையும் கேட்டு வாங்குங்கள். கையால் கியர் போடும் வண்டியில் அது மிக முக்கியம்.

எந்தத் தலைமுறை என்பதும் விலையைத் தீர்மானிக்கும். 2008 வரை வந்த பாக்ஸ்டர்களில் எஞ்சினுக்குள் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சினே போகும். 2009-க்குப் பின் வந்த எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. முதல்முறை வாங்குகிறவர் 2009-க்குப் பிந்தையதையே தேடுங்கள் என்பேன்.

981-ல் பார்க்க வேண்டியவை: வாட்டர் பம்ப்பிலும் தெர்மோஸ்டாட்டிலும் கூலன்ட் கசிந்த வெள்ளைத் தடம், இக்னிஷன் காயில்களில் விரிசல், எஞ்சின் மவுன்ட். பி.டி.கே. என்ற தானியங்கி கியர்பாக்ஸில் உள்ளே இருக்கும் சென்சார் கெட்டால் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள். பழைய எச்சரிக்கைப் பதிவுகளை அழிக்காமல் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கு முந்தின நாள் யாரோ அழித்து வைத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

டயரில் ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் தயாரித்த வருடம். குறைவாக ஓடிய வண்டியில் டயர் புதிதாய்த் தெரியும், ரப்பர் கல்லாகியிருக்கும். என் வண்டிக்கு முன்னால் 235/40, பின்னால் 265/40, நான்குமே 19 அங்குலம். போர்ஷே ஒப்புதல் பெற்றவற்றில் N என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். நான்கும் மாற்ற ₹1,80,000 ஆனது. சொன்ன விலையில் அதைக் குறைத்துக் கேட்டேன், குறைத்தார்கள்.

லிஃப்டில் நிற்கும்போதே செய்ய வேண்டிய இன்னொன்று: எஞ்சின் எண்ணைப் படம் பிடியுங்கள். இந்த வண்டியில் அது எஞ்சினின் அடிப்புறம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எஞ்சினே கண்ணில் படாது, பின் டிக்கியில் எண்ணெய்க்கும் கூலன்டுக்கும் மூடிகள் மட்டும்தான். கோவையில் ஆய்வாளர் எஞ்சின் எண்ணைக் காட்டச் சொன்னபோது நான் விழித்தேன். வண்டியை லிஃப்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், மறுவாரம் திரும்பி வர வேண்டியதாயிற்று. சேசிஸ் எண்ணுக்கும் இரண்டு மூன்று பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தது) எடுத்து வையுங்கள்.

3. பணம், கையெழுத்து, தடையின்மைச் சான்று

வரிசை மாறக் கூடாது. முன்பணமாகச் சிறு தொகை, பிறகு தடையின்மைச் சான்று, அதன்பின் மீதிப் பணம். முழுப் பணத்தையும் வாங்கிவிட்ட மனிதர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக அவசரப்பட மாட்டார். நான் முழுதும் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கற்றேன். பணம் முழுக்க வங்கி வழியாகவே போகட்டும். ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம்.

விற்பவரிடம் ஒரே நாளில் வாங்க வேண்டியவை: படிவம் 28 (தடையின்மைச் சான்று விண்ணப்பம்), படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, வங்கிப் பெயர் இருந்தால் படிவம் 35, ஆதார், பான் நகல்கள், அசல் ஆர்.சி., வண்டியின் முதல் விலைப்பட்டியல். படிவங்களில் கையெழுத்து ஆர்.டி.ஓ. பதிவில் இருப்பது போலவே இருக்கட்டும். மூன்று நான்கு உபரிப் பிரதிகளிலும் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக மும்பைக்குக் கூரியர் அனுப்பிக் காத்திருப்பது வேதனை.

வெளிமாநிலத்துக்கு விற்பவர் 45 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ம் பிரிவு. வெளிமாநில எண்ணோடு பன்னிரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம் என்கிற 47-ம் பிரிவைக் காட்டி "அவசரமே இல்லை சார்" என்பார்கள் புரோக்கர்கள். அது எண் மாற்றத்துக்கான கெடு. உரிமை மாற்றத்துக்கான கெடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

4. வண்டியை இங்கே கொண்டுவருதல்

ஓட்டிக்கொண்டே வர ஆசை வரும். புதிதாய் வாங்கிய, பழக்கமில்லாத, பழைய டயர் போட்ட வண்டியை முதல் பயணமாகவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். மூடிய லாரியில் ஒற்றை வண்டியாக ஏற்றி வர எனக்கு ₹75,000 ஆனது. ஏற்றும்போது சாய்தளம் நீளமாக இருக்கிறதா என்று கேளுங்கள். குட்டைச் சாய்தளத்தில் முன் பம்பரின் அடி உரசிவிடும். ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் நான்கு பக்கமும் காணொளி எடுத்து வையுங்கள்.

5. தமிழ்நாட்டுப் பதிவும் ஆயுள்கால வரியும்

பரிவாகனில் விண்ணப்பித்து, காகிதங்களோடு வண்டியையும் ஆர்.டி.ஓ. அலுவலகம் கொண்டுபோக வேண்டும். தேவையானவை: படிவம் 27 (புது எண் ஒதுக்கீடு), 29, 30, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33, அசல் ஆர்.சி., அசல் தடையின்மைச் சான்று, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் முகவரிச் சான்று, பான்.

இறக்குமதிக் கார் என்பதால் எண் ஒதுக்கீட்டுக் கட்டணம் ₹5,000, உரிமை மாற்றம் அதில் பாதி. இவை சிறு தொகை. பெரிய தொகை வரி. தமிழ்நாட்டில் ₹20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். 2023 நவம்பரில் உயர்த்தியது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதுக்கேற்ப அந்த விகிதம் குறையும். ஆனால் நீங்கள் கொடுத்த விலைக்கு வரி போடுவதில்லை, புதிதாய் விற்ற விலைக்குத்தான். ₹30 லட்சத்துக்கு வாங்கினேன், அதற்கு வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். நான் முதல் விலைப்பட்டியலை வாங்காமல் வந்து, அது மும்பையிலிருந்து வந்து சேர மூன்று வாரம் காத்திருந்தேன். விலை பேசி முடிக்கும் முன்பே அந்த விலைப்பட்டியலின் நகலை இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்த எண் தெரியாமல் இந்த வண்டியின் விலை உங்களுக்குத் தெரியாது.

எண் கிடைத்ததும் உயர்பாதுகாப்பு எண் பலகை, ஃபாஸ்டாக்கில் எண் மாற்றம். பழைய ஓனரின் ஃபாஸ்டாக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் முதல் நாளே பிய்த்துவிடுங்கள்.

6. இன்சூரன்ஸ்

வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பு தானாக வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. கிளைம் இல்லாச் சலுகை பழைய ஓனருக்குச் சொந்தம், உங்களுக்கு வராது.

1,500 சி.சி.க்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியம் ₹7,897. அது எல்லாப் பெரிய காருக்கும் ஒன்றுதான். சிக்கல் சொந்தச் சேதத்தில். ஐந்து வயது தாண்டிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்வது. அவர்கள் தானாகக் காட்டும் எண்ணை ஏற்காதீர்கள். சோதனை அறிக்கையும் விலை ஒப்பந்தமும் அனுப்பிப் பேசினால் ஏறும். உதிரிபாகத் தேய்மானத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். பத்து வயது தாண்டினால் உலோகப் பாகத்துக்கும் 50. இந்த வண்டியின் முன் பம்பர் முழுக்க பிளாஸ்டிக், அதற்குள் இரு மூலையிலும் ரேடியேட்டர். சின்ன இடிக்கே பாதிச் செலவு உங்கள் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கு எஞ்சின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்கலாம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்ட ஆசை இருந்தால், பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசிக்கு வெளியே என்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.

7. வீட்டில் பராமரிப்பு

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில். பிரேக் ஃபுளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஸ்பார்க் பிளக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. எனக்கு வருடத்துக்குச் சராசரியாக ₹90,000 போகிறது, டயர் சேர்க்காமல்.

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி இதில் கிடையாது. சமதளத்தில், எஞ்சின் சூடான நிலையில், மீட்டர் திரையில்தான் பார்க்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றி மறுபடி பாருங்கள். பாட்டிலை ஒரேயடியாகக் கவிழ்த்த மெக்கானிக்கால் எண்ணெயை மறுபடி இறக்க வேண்டியிருந்தது.

பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது. முன் டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. முதல் மழைக்காலத்தில் மூன்று வாரம் நிறுத்தி வைத்து இந்த முடிச்சில் மாட்டினேன். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பூட்டு விடும். கையேட்டில் அந்தப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து போனில் வையுங்கள். வீட்டில் பிளக்கில் மாட்டி வைக்கும் சிறு சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

துணிக்கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. வேப்பிலையும் புளியமரத்துச் சருகும் விழும் இடத்தில் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கி மின்பாகங்களைத் தொட்டால் செலவு லட்சத்தில். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். முன் பம்பரின் இரண்டு வாய்களிலும் சேரும் சருகையும் அப்படியே எடுங்கள். ரேடியேட்டர் அதன் பின்னால்தான்.

பஞ்சர் கடையில் வண்டியைத் தூக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஜாக் வைக்க நான்கு இடம்தான் உண்டு. சக்கர போல்ட்டை 160 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். அதற்கான ஸ்பானர் நீங்களே வைத்திருப்பது நல்லது. ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் சிறு பம்ப்பும் ஒட்டும் திரவமும்தான். திரவம் காலாவதியாகியிருக்கும், தேதி பாருங்கள்.

8. முதல் நெடும்பயணம்: வால்பாறை

பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை, கோவையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு முதல் தடவையே போகாதீர்கள். அவை நெருக்கமானவை, இந்த வண்டியின் தாழ்ந்த மூக்குக்கும் அகலத்துக்கும் பழகிய பிறகு போகலாம்.

அனுமதி: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்து. கட்டணம் இல்லை, முந்தின நாளே எடுத்துவிடுங்கள். வண்டி எண் கேட்கும், பதிவு மாற்றத்தின் நடுவில் இருப்பவர்கள் ஆர்.சி.யில் உள்ள எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். மைசூர்ப் பக்கம் நீட்டினால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

பெட்ரோல்: இந்த எஞ்சின் 98 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) கேட்கிறது, குறைந்தது 95. பங்கில் சாதாரணமாய் ஊற்றுவது முன்பு 91 ஆக இருந்தது. எக்ஸ்பி 95, ஸ்பீட் 97, பவர் 99 போன்றவை நகரத்துப் பங்குகளில் கிடைக்கும், மலையில் நம்பிப் போகாதீர்கள். டேங்க் 64 லிட்டர். கோவையிலோ பொள்ளாச்சியிலோ நிரப்பினால் போய்த் திரும்பவும் மிச்சம் இருக்கும்.

சாமான்: முன்னால் 150 லிட்டர், பின்னால் 130. பெரிய சூட்கேஸ் இரண்டிலும் நுழையாது, துணிப்பைதான் வசதி. பின் டிக்கி எஞ்சினை ஒட்டி இருப்பதால் சூடேறும். சாக்லேட்டையும் மாத்திரைகளையும் முன்னால் வையுங்கள்.

வேகத்தடை: பொள்ளாச்சிச் சாலையில் ஊருக்கு ஊர் உண்டு, பலவற்றுக்கு வெள்ளைக் கோடு கிடையாது. அதனால் இருட்டில் கிளம்பாதீர்கள். உயரமான தடையில் வண்டியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும்.

வளைவுகளில் ஏறுகிற வண்டிக்கு வழி. கீழிருந்து பேருந்து திரும்புகிறது என்றால் முழு அகலமும் அதற்கு வேண்டும், முன்கூட்டியே நின்றுவிடுங்கள். இறங்கும்போது பி.டி.கே.யைக் கைமுறைக்கு மாற்றி இரண்டாம் கியரில் வையுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே மிதித்து இறங்கினால் பழைய ஃபுளூயிட் கொதித்து பெடல் தரையைத் தொடும். ஃபுளூயிட் மாற்றிய ரசீது இல்லாமல் வாங்கிய வண்டி என்றால், மாற்றிய பிறகே மலை ஏறுங்கள்.

விடிந்ததும் கிளம்பி ஆழியாறு சோதனைச்சாவடியில் நின்றால் போதும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே அணையின் நீர் தகடாய்க் கிடக்கும், மேலே பாறையில் வரையாடுகள் நிற்கும். கூரையைத் திறந்து ஓட்ட அந்தப் பகுதிதான் நல்லது. எஞ்சின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வருவது காதுக்குச் சுகம். ஆனால் அங்கே ஆக்சிலேட்டரை வீம்புக்கு மிதிக்காதீர்கள், அது காட்டு உயிர்களின் வீடு. ஊரை நெருங்கும்போது புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். நிற்கும் இடத்திலெல்லாம் கூரையை மூடுங்கள். துணியை ஒரு குரங்கு நகத்தால் கீறினால் முழுக் கூரையும் மாற்ற வேண்டும்.

மாலை நான்கு மணிக்குள் இறக்கத்தைத் தொடங்குங்கள். யானை வரும் நேரம் அதன்பின்தான், தாழ்ந்த வண்டியிலிருந்து தேயிலைப் புதருக்கு அப்பால் எதுவும் தெரியாது. வீடு வந்ததும் சக்கரம் ஆறும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்று பார்த்து, முன் பம்பர் வாய்களில் கையை விட்டுச் சருகை எடுத்து, சார்ஜரை மாட்டிவிடுங்கள்.